மூச்சை அடகு வைத்துப் பாடியவர்

1933ஆம் வருஷம் மே மாதம் 24ஆம் தேதி. நியூயார்க் நகரத்தில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியார் ஒரு பாடகருக்காகக் கட்டில் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் ஒரு பாட்டுப் பாடுவார். பாடி முடித்ததும் கட்டிலில் போய்ச் சாய்ந்துகொள்வார். இருமல் வந்து உடம்பைக் குலுக்கும். மூச்சு நிதானப்பட்ட பிறகு எழுந்து வந்து மறுபடியும் மைக்ரோபோன் முன்னால் உட்காருவார். அன்று நான்கு பாட்டுகள் பதிவாயின. கடைசிப் பாட்டைத் துணைக்கு ஒருவருமின்றித் தம்முடைய கிதாரை மட்டும் மீட்டிக்கொண்டு பாடினார். அடுத்த நாள் இரவு ஹோட்டல் அறையில் நெஞ்சிலிருந்து ரத்தம் பெருகிற்று. 26ஆம் தேதி பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு வயது 35.

ஜிம்மி ராஜர்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்கர்கள் 'கண்ட்ரி மியூசிக்' என்று கொண்டாடுகிறார்களே, அந்த நாட்டுப்புறச் சங்கீதத்துக்குத் தகப்பனார் என்று சொல்லப்படுகிறவர்.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மூச்சின் விலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தை வைத்தே வீட்டில் உலை கொதித்த காலம் உண்டு. ராஜர்ஸின் பிழைப்பும் அதே ஜாதிதான். ஓய்வாகப் படுத்திரு என்று வைத்தியர்கள் எச்சரித்த நெஞ்சை வைத்துக்கொண்டு, ஆறே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பாடித் தள்ளினார். மனைவியும் மகளும் அந்த மூச்சில்தான் சாப்பிட்டார்கள்.

தண்ணீர் சுமந்த பையன்

1897ஆம் வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி பிறந்தவர் ராஜர்ஸ். அவர் தம் சொந்த ஊராகச் சொல்லிக்கொண்டது மிஸிஸிப்பி மாகாணத்து மெரிடியன். தகப்பனார் ரயில்வேயில் கேங் மேஸ்திரி. தாயார் இவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த பையனுக்குப் பள்ளிக்கூடம் கசந்தது. கூத்துக் கொட்டகை இனித்தது. 13 வயதுவாக்கில், ஊர் ஊராகப் போகும் ஒரு கூட்டத்தோடு ஓடிப்போனான். தானே ஒரு கம்பெனி நடத்த ஆசைப்பட்டு, தகப்பனார் கணக்கில் கடன் சொல்லிக் கூடாரம் வாங்கிய கதையும் உண்டு! தேடிப்பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த தகப்பனார் இரண்டே வழி காட்டினார்: பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் ரயில்வே வேலை. பையன் ரயிலைத் தேர்ந்தெடுத்தான்.

முதல் உத்தியோகம், தண்டவாள வேலை செய்கிற கேங்காட்களுக்குத் தண்ணீர் சுமப்பது. அந்த ஆட்கள் பெரும்பாலும் நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள். கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பித் தள்ளும்போது ஒருவர் பாட்டெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி ஒரே கணத்தில் அழுத்துவார்கள். நம் கடற்கரையில் வலை இழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் பாடிய அம்பாப் பாட்டு எப்படியோ, அப்படியேதான் அதுவும். இழுவையின் கனம் பாட்டின் தாளத்தைத் தீர்மானிக்கும். வாளியோடு வரிசையில் நடந்த பையன் இந்தப் பாட்டுகளை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். பாஞ்சோவும் கிதாரும் மீட்ட அந்தத் தொழிலாளிகளே சொல்லிக்கொடுத்தார்கள் என்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ராஜர்ஸ் பின்னாளில் அடைந்த பேரும் பணமும், அவருக்குப் பாட்டுக் கொடுத்த அந்தக் கேங்காட்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் பெயர்கள்கூட இசைத்தட்டுகளில் இல்லை. அம்பாப் பாட்டைக் கட்டியவர் யார் என்று நமக்கு மட்டும் தெரியுமா?

பையன் வளர்ந்து சரக்கு ரயிலில் பிரேக்மேன் ஆனான். கிதாரும் கூடவே பயணம் செய்தது. முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. 1920இல் காரி வில்லியம்ஸன் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இளையது ஆறு மாதக் குழந்தையாக 1923 டிசம்பரில் இறந்துபோயிற்று. அப்போது ராஜர்ஸ் வெளியூரில் கையில் காசில்லாமல் இருந்தார். வாத்தியத்தை அடகு வைத்துத்தான் வீடு வந்து சேர்ந்தார் என்று சொல்வதுண்டு. அடுத்த வருஷமே அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. க்ஷயரோகம்!

இன்றைக்கு மாத்திரையால் குணமாகிற நோய். அன்றைக்கு ஸ்ட்ரெப்டோமைஸினே கிடையாது. அது 1943இல் வந்த மருந்து. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள ஆகாரம் என்பதுதான் உலகம் முழுவதும் வைத்தியம். டாக்டர் சவுரிமுத்து நம் தாம்பரத்தில் 1928இல் சானடோரியம் ஏற்படுத்தியதும் அந்த முறையில்தான். சம்பாதித்தால்தான் சோறு என்கிற மனிதன் ஓய்வுக்கு எங்கே போவான்? ரயில்வே வேலையும் கையைவிட்டுப் போயிற்று. நல்ல காற்றைத் தேடி 1927இல் ஆஷ்வில் என்ற மலைப்பக்கத்து ஊருக்குக் குடும்பத்தோடு போனார். அங்குள்ள ரேடியோ நிலையத்தில் சில நாள் பாடினார்.

தொப்பிக் கிட்டங்கியில் பிறந்த புகழ்

பிரிஸ்டல் என்று ஓர் ஊர். கடைத்தெருவின் நடுவே மாகாண எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் டென்னஸி, மறுபக்கம் வர்ஜீனியா. 1927 ஜூலைக் கடைசியில் விக்டர் கம்பெனியின் ரால்ஃப் பியர் என்பவர் அங்கே ஒரு தொப்பி வியாபாரக் கட்டடத்தின் கிட்டங்கியில் ஒலிப்பதிவு யந்திரங்களை இறக்கினார். மலை ஜனங்களின் பாட்டுகளைப் பிடிப்பது அவர் நோக்கம். ராஜர்ஸ் ஒரு வாத்தியக் கோஷ்டியோடு போய்ச் சேர்ந்தார். முதல் நாள் இரவு, யார் பெயரைப் போடுவது என்று கோஷ்டிக்குள் சண்டை. கோஷ்டி தனியே பிரிந்துபோயிற்று. ஆகஸ்டு 4ஆம் தேதி ராஜர்ஸ் ஒற்றைக் கிதாரோடு உட்கார்ந்து இரண்டு பாட்டுகள் பாடினார். கூலி 100 டாலர். அந்தச் சண்டை மட்டும் வராதிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது!

அந்தத் தட்டு பிரமாதமாக விற்கவில்லை. ராயல்டி என்று முதலில் வந்த தொகை 27 டாலர் சொச்சம். வேறொருவராக இருந்தால் சோர்ந்திருப்பார். இவர் அழையாத விருந்தாளியாக நியூயார்க் போய் ஹோட்டலில் தங்கிக்கொண்டு, பியருக்கு டெலிபோன் செய்தார். நவம்பர் 30ஆம் தேதி நியூஜெர்ஸி மாகாணத்துக் கேம்டன் நகரில் மறுபடியும் ஒலிப்பதிவு. அன்று பாடியவற்றில் ஒன்றுதான் 'புளூ யோடல்'. தட்டுகள் லட்சக்கணக்கில் பறந்தன.

அதில் அப்படி என்ன இருந்தது? யோடல் என்பது ஆல்ப்ஸ் மலை இடையர்கள் கூவுகிற முறை. நெஞ்சிலிருந்து எழும் குரல் பாதி வழியில் சட்டென்று உடைந்து கள்ளக் குரலுக்குத் தாவும். உடனே கீழே இறங்கும். நம் பாகவதர்கள் கள்ளக் குரலைக் குற்றமாகச் சொல்வார்கள். ராஜர்ஸ் அதையே அலங்காரமாக்கினார். கறுப்பினத் தொழிலாளிகளின் சோகப் பாட்டையும் மலை இடையர்களின் கூவலையும் முடிச்சுப் போட்டார். கேட்டால், இரவில் தூரத்தில் போகும் ரயில் ஊதுகிற மாதிரியே இருக்கும். கிதாரிலும் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கட்டைவிரலால் மந்திரத் தந்தியில் சின்னச் சின்ன நடைகள், அவ்வளவே. பாட்டைத் தாங்க அது போதுமானதாக இருந்தது.

பணம் கொட்டியது. டெக்ஸாஸ் மாகாணத்துக் கெர்வில்லில், நோயாளிகளுக்கு உகந்த காற்றுள்ள இடத்தில், பெரிய மாளிகை கட்டினார். 1929இல் ரயில்வே உடுப்போடு ஒரு குறும்படத்தில் பாடி நடித்தார். வந்த பணம் வைத்தியத்துக்கும் தாராளத்துக்கும் போயிற்று. 1931இல் பஞ்ச நிவாரணத்துக்காக நகைச்சுவை மேதை வில் ராஜர்ஸுடன் டெக்ஸாஸ் பக்கம் சுற்றிக் கச்சேரி செய்தார். பெயர் ஒன்று போலிருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். அதே வருஷம் தம் நோயைப் பற்றியே 'டி.பி. புளூஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். வீட்டுக்குள்ளேயே மறைத்துப் பேசிய ஒரு நோயைப் பெயர் சொல்லிப் பாடியது லேசான தைரியம் அல்ல.

பிறகு பொருளாதார மந்தம் முற்றியது. அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனை படுத்துவிட்டது. கெர்வில் மாளிகையை விற்றுவிட்டு ஸான் அன்டோனியோவில் சிறிய வீட்டுக்குக் குடும்பம் மாறியது. 1933 மே மாதத்தில், உடம்பு எழுந்து நிற்கவே தயங்கிய நிலையில், ஒரு நர்ஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி நியூயார்க் வந்தார். தமக்குப் பின்னால் குடும்பத்துக்கு ராயல்டி வர வேண்டும் என்பதே எண்ணம். மே 17ஆம் தேதி தொடங்கி 24ஆம் தேதி வரை, இடையிடையே நாள் விட்டு, 12 பாட்டுகள் பாடினார். கட்டில் போட்ட கதை அப்போது நடந்ததுதான்.

உடல் ரயிலில் மெரிடியன் வந்தது. ஊர் நெருங்கும்போது என்ஜின் டிரைவர் ஊதலை விட்டு விட்டு அழுகிற மாதிரி ஒலிக்கச் செய்தாராம். அதே 1933ஆம் வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி, நம் செங்கோட்டைக் கிட்டப்பா 27 வயதில் மறைந்தார். அவருடைய குரலும் இப்போது தட்டில் இருந்ததுதான்; மேடையில் கேட்டவர்கள் எவரும் இல்லை.

எதைக் கேட்பது?

புதிதாகக் கேட்கிறவர்கள் 'வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்' என்ற 1928ஆம் வருஷத்துப் பாட்டில் தொடங்கலாம். டிக்கெட் வாங்கக் காசில்லாமல் ரயிலடியில் நிற்கும் ஒரு நாடோடியின் நிலை. கார்னெட்டும் கிளாரினெட்டும் சேர்ந்து வரும். அடுத்து 'டி.பி. புளூஸ்'. மூன்றாவதாக ஒன்பதாம் நம்பர் புளூ யோடல். 1930 ஜூலை 16ஆம் தேதி ஹாலிவுட்டில் பதிவானது. அதில் டிரம்பெட் ஊதுகிறவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ அவர் மனைவி லில். தட்டின் மேல் இவர்கள் பெயரே கிடையாது! நாற்பது வருஷம் கழித்து 1970இல் ஆம்ஸ்ட்ராங் டெலிவிஷனில் ஜானி காஷுடன் அதே பாட்டை மீண்டும் வாசித்தார்.

கிதார் ரசிகர்கள் தேடிக் கேட்க வேண்டியது, 1931 ஜூனில் லூயிவில் நகரில் கார்ட்டர் குடும்பத்தோடு செய்த பதிவுகள். ஸாரா கார்ட்டர் சேர்ந்து பாடினார். ராஜர்ஸுக்கு அன்று கிதாரைத் தூக்கத் தெம்பில்லை. மேபெல் கார்ட்டர் அவருடைய பாணியிலேயே, கேட்கிறவர்கள் அவர்தான் என்று நம்பும்படி வாசித்துக் கொடுத்தார். மேபெல்லின் சொந்தப் பாணி வேறு. கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் தாளத்தையும் சேர்த்து வாசிப்பவர். அந்த அம்மாள் தன்னை மறைத்துக்கொண்டு வாசித்த வாசிப்பு எனக்கு ராஜர்ஸின் சொந்தக் கிதாரைவிட ஒரு படி மேலாகவே படுகிறது.

ராஜர்ஸின் மார்ட்டின் கிதார் ஒரு சுவையான சாமான். கழுத்தில் அவர் பெயர் பதித்திருக்கும். பின்பக்கத்தில் 'நன்றி' என்ற பொருளில் ஓர் ஆங்கில வார்த்தை. கைதட்டல் எழுந்ததும் கிதாரைத் திருப்பிக் காட்டுவார்! அவர் இறந்த பிறகு, எர்னஸ்ட் டப் என்ற இளம் ரசிகருக்குக் காரி அம்மாள் அதைக் கொடுத்து உதவினார். டப்பும் பெரிய பாடகராகி, பல்லாண்டுகள் அதையே வாசித்தார். 1961இல் நாஷ்வில்லில் கண்ட்ரி சங்கீதத்துக்குப் புகழ் மண்டபம் அமைத்தபோது முதலில் இடம்பெற்ற மூவரில் ராஜர்ஸ் ஒருவர். ஆப்பிரிக்கக் கென்யாவிலோ வேறு விதமான பட்டம் கிடைத்தது. கிப்ஸிகிஸ் என்ற மக்கள் அவர் தட்டுகளைக் கேட்டு, பெயரைச் 'செமிரோச்சா' என்று மாற்றி, பாதி மனிதனும் பாதி மானுமான ஒரு பிறவியாக்கிப் பாட்டே கட்டிவிட்டார்கள். ஹ்யூ டிரேஸி 1950இல் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

நம் நாட்டுக்கும் ராஜர்ஸ் வந்திருக்கிறார். கிராமபோன் கம்பெனியார் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில், ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் முத்திரையிலும் 'ட்வின்' என்ற மலிவு முத்திரையிலும் அவர் தட்டுகளை இங்கே வெளியிட்டார்கள். அக்காலத்துத் தட்டுகளுக்கு ஆதாரமே அரக்குதான். உலகத்துக்கு அரக்கு போனதும் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். அதனால் அந்த இந்தியத் தட்டுகள் இன்று அபூர்வம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைந்து தேடுகிறார்கள். பரணில் பாட்டனார் காலத்துத் தட்டுப்பெட்டி எவர் வீட்டிலாவது இருந்தால், ஆங்கிலப் பாட்டுதானே என்று எடைக்குப் போட்டுவிடாமல், ஒவ்வொன்றாகத் துடைத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். ராஜர்ஸ் பெயர் தென்பட்டால் ஊசியை வைக்க அவசரம் வேண்டாம். பழைய இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். அந்தத் தட்டுக்கு ஏற்ற ஊசியுள்ள இன்றைய கருவியில், தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துகொண்டு, பிறகு உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.