ஹோமி ஜஹாங்கீர் பாபா

திருச்செங்கோட்டு மலைமீது ஆணும் பெண்ணும் சரிபாதியாய் அமைந்த அர்த்தநாரீசுவரர் திருவுருவை நாம் அறிவோம். அணுவுலகிலும் இத்தகைய இணைகள் உள. எலெக்ட்ரானுக்கு எதிரிணையான பாஸிட்ரான் 1932-இல் கண்டறியப்பட்டது. 1909-இல் பம்பாயிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பயின்ற பாபா, அவ்விரண்டும் மோதிச் சிதறும் முறையைக் கணித்து 1936-இல் வெளியிட்டார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1939-இல் தாயகம் வந்தவர், யுத்தம் மூண்டமையால் பெங்களூரில் தங்கி, 1945-இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1966-இல் விமான விபத்தில் உயிர்நீத்தார்.

துகளும் எதிர்த்துகளும் கூடின் இரண்டும் அழிந்து ஒளியாகும். ஆதியில் அவை சமமாய்ப் பிறந்திருப்பின், நாம் எவ்வாறு எஞ்சினோம்? இவ்வினாவைச் சார்ந்த புரோட்டான் சிதைவை, 1980-களில் அவர் நிலையத்தார் கோலார் சுரங்க ஆழத்தில் தேடினர். உறுதியான விடை கிட்டிற்றிலது. மாணவராகிய நம்மை அது எதிர்நோக்கியுள்ளது.