மோனோபோலியை உருவாக்கியவர் யார்? 500 டாலருக்குக் கைமாறிய காப்புரிமையின் கதை

நம்ம ஊர்ல 'டிரேட்', 'பிசினஸ்' என்ற பெயர்களில் விற்கும் பலகை விளையாட்டுகளுக்கு மூலம், அமெரிக்காவின் 'மோனோபோலி'. இதைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்றுதான் பல ஆண்டுகள் உலகம் நம்பியது. ஆனா, அவருக்கு 30 வருஷம் முன்பே காப்புரிமை வாங்கியவர் ஒரு பெண்.

யார் இந்த லிஸி மேகி?

1866-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் எலிசபெத் மேகி. சுருக்கெழுத்தாளர். நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போட வேண்டும் என்ற பொருளாதார அறிஞர் ஹென்றி ஜார்ஜின் ஆதரவாளர். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நொடித்துப் போவார்கள் என்று காட்டவே 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' விளையாட்டை உருவாக்கினார். 1904 ஜனவரி 5-ல் காப்புரிமை கிடைத்தது.

காப்புரிமை இருந்தும் சிக்கல் ஏன்?

காப்புரிமை என்பது நிரந்தரச் சொத்து இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டுகள்தான். 1921-ல் அது காலாவதியானது. விளையாட்டை மாற்றியமைத்து 1924-ல் இரண்டாவது காப்புரிமை வாங்கினார் மேகி. அதற்குள் மக்கள் கையாலேயே பலகை வரைந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அட்லாண்டிக் சிட்டியில் உள்ளூர்த் தெருப் பெயர்களும் சேர்ந்தன.

டாரோ என்ன செய்தார்?

நண்பர்கள் மூலம் விளையாட்டைக் கற்ற டாரோ, அதை 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடத்தின் பெயர் நண்பர்களின் பலகையில் 'மார்வின்' என்று தப்பாக இருந்தது. அந்தப் பிழையும் அப்படியே வந்தது! டாரோவுக்கு ராயல்டி கொட்டியது.

மேகியின் காப்புரிமை இருந்தால் வம்பு என்று, அதே ஆண்டு நிறுவனம் அதையும் வாங்கியது. விலை வெறும் 500 டாலர். ராயல்டி கிடையாது. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் தொழில் விளையாட்டு தயாரிப்பு என்று பதிந்த மேகி, வருமானம் பூஜ்ஜியம் என்றார். 1948-ல் காலமானார்.

உண்மை எப்படி வெளிவந்தது?

1970-களில் 'ஆன்டி-மோனோபோலி' விளையாட்டை வெளியிட்ட பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக், பெயர் உரிமை வழக்கில் சிக்கினார். ஆதாரம் தேடியபோது கண்ணில் பட்டது மேகியின் காப்புரிமை. 1983-ல் வழக்கு அன்ஸ்பாக்குக்குச் சாதகமாக முடிந்தது.

புது விளையாட்டுப் பொருளை உருவாக்குபவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பதிவு செய்வது பாதி வேலை. எத்தனை ஆண்டு செல்லும், விற்கும்போது ராயல்டி உண்டா, உருவாக்கியவர் பெயர் இருக்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது மீதிப் பாதி.