நாதஸ்வரச் சக்கரவர்த்தியும் நரசிங்கம்பேட்டை ஆசாரியும்



போன வருஷம் ஆண்டு விழாவில் நம்ம பசங்க பேண்டு வாசித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரெண்டாவது பாட்டு பாதியில் போய்க்கொண்டு இருக்கும்போது பேஸ் கிடார் ஒயரில் சாலிடர் விட்டுப்போய் சத்தம் நின்னுபோச்சு. லீட் கிடார் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, பாடுறவரும் பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் பாட்டு அஸ்திவாரம் இல்லாத சுவர் மாதிரி ஆகிவிட்டது. பேஸ் கிடார் என்று ஒன்று இருப்பதையே அதுவரை நம்மில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. நின்ன பிறகுதான் தெரிஞ்சது.

அந்தக் கனமான சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம் தேடிப் படித்தேன். சாதாரண எலக்ட்ரிக் கிடாரில் கம்பியின் நீளம் சுமார் 25 அங்குலம். பேஸ் கிடாரில் 34 அங்குலம். கம்பியும் தடிமன். நீளமும் கனமும் கூடினால் அதிர்வு குறையும். கிடாரின் தடித்த கம்பி வினாடிக்கு 82 தடவை அதிர்ந்தால், பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 தடவைதான் அதிரும். அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-ல் இந்த பேஸ் கிடாரைக் கொண்டுவந்தார்.

ஆனால் வாத்தியத்தை நீட்டிச் சுருதியை இறக்கிய கதை அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை. கடலூரில் ரயில் ஏறி, சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்து, மாயவரம் வழியாகக் கும்பகோணம் போகிற பாதையில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அதற்குப் பக்கத்து ஊர் திருவாவடுதுறை. அந்த இரண்டு ஊரும் சேர்ந்து செய்த காரியம் இது. அதன் நாயகர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

அவர் பிறந்தது 1898 ஆகஸ்ட் 27. பெற்றோர் முதலில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளைதான் எடுத்து வளர்த்தார். அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான். பையனுக்கு முதலில் கிடைத்தது பாட்டுப் பயிற்சி. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டு கற்றார். அதன் பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம். முதலில் தொண்டை, பிறகு குழல். பிற்காலத்தில் அவர் வாசித்தால் ஒரு மனுஷர் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும் என்று கேட்டவர்கள் சொன்னதற்கு இதுதான் வேர்.

அன்றைக்குப் புழக்கத்தில் இருந்தது திமிரி நாதஸ்வரம். நீளம் குறைவு, சுருதி நாலு, ஐந்து கட்டை. கோயில் வீதியில் சாமி புறப்பாடு வரும்போது, தவிலும் கூட்டமும் வேட்டுமாய் இருக்கும் இடத்தில், நாலு தெருவுக்கும் கேட்க வேண்டும் அல்லவா? அதற்கு அந்தக் கூர்மையான சத்தம்தான் சரி. சிதம்பரம் தேர் அன்றைக்குக் கீழவீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காலம் மாறியது. சபா வந்தது, மைக் வந்தது, ரேடியோ வந்தது, இசைத்தட்டு வந்தது. மூச்சைப் பிடித்து வீதிக்கெல்லாம் கேட்க ஊத வேண்டிய கட்டாயம் குறைந்தது. மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் ராகத்தை விஸ்தாரமாக வாசிக்க ஆசைப்பட்ட ராஜரத்தினத்துக்குத் திமிரியின் கீச்சுக் குரல் போதவில்லை. கனமான, ஆழமான நாதம் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி வருகிறார். நாதஸ்வரம் செய்வதே அவர் குடும்பத் தொழில். வித்வான் கேட்டார், ஆசாரி கடைந்து கொடுத்தார். வாசித்துப் பார்ப்பது, குறை சொல்வது, மறுபடி கடைவது. நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாபை ஃபைல் பண்ணி, அளந்து, திரும்பவும் ஃபைல் பண்ணுவோமே, அதே வேலைதான். அப்படி உருவானது நீளமான பாரி நாதஸ்வரம். சுருதி இரண்டு, இரண்டரை கட்டைக்கு இறங்கியது.

டிப்ளமோ படிக்கும் நாம் இதைக் கணக்காகவும் பார்க்கலாம். குழலுக்குள் இருக்கும் காற்றுத் தூண் நீண்டால் அதிர்வு குறையும். அரை சுரம் இறக்க நீளத்தைச் சுமார் 6 சதவீதம் கூட்ட வேண்டும். நாலு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு வர மூன்று அரை சுரம். அதாவது ஏறக்குறைய 19 சதவீதம் நீளம் கூட வேண்டும். சொல்வது சுலபம். குழலை மட்டும் நீட்டினால் போதாது. துளைகளுக்கு இடையே உள்ள தூரமும் மாறும், மேலே குறுகிக் கீழே அகலும் உள்துளையின் சரிவும் மாறும். ஒரு துளை நூலளவு தள்ளிப்போனால் சுரம் கெட்டுப்போகும். வாசிப்பவரும் விரலை அகட்டி வைக்கப் பழக வேண்டும், மூச்சும் கூடுதலாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய குழல்களில் சுத்த மத்திமம் என்கிற 'ம' நேராக விழாது. கொஞ்சம் ஏறித்தான் பேசும். வித்வான்கள் விரலாலும் மூச்சாலும் அதை இழுத்துப் பிடித்து இறக்கி வாசிப்பார்கள். ரங்கநாதன் ஆசாரி துளைகளைத் திருத்தி அந்த 'ம' தானாகவே சரியாகப் பேசும்படி செய்தார். ராஜரத்தினம் பிள்ளை என்றாலே தோடி ராகம்தான். அந்தத் தோடிக்கு வேண்டியதும் இந்தச் சுத்த மத்திமம்தான்.

குழல் செய்வது ஆச்சா மரத்தில். புது மரம் உதவாது. பல வருஷம் காய்ந்து, இனிமேல் சுருங்க மாட்டேன் என்று நின்ற மரம் வேண்டும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண்களைத் தேடி வாங்குவார்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணல் தட்டையில் ஆனது. அதைப் பதப்படுத்துவது தனிக் கலை.

ராஜரத்தினம் மாற்றியது வாத்தியத்தை மட்டும் அல்ல. மேளத்தில் சுருதிக்கு 'ஒத்து' என்ற குழலை ஊதுவார்கள். அவர் அதற்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மேதைகள் கூட வாசித்தார்கள். தனி ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பின்னால் தாளம் உறுதியாக நின்றால்தான் ராகம் நிற்கும். அது எந்த பேண்டுக்கும் பொருந்தும்.

அப்போது நாதஸ்வரக்காரர்கள் சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், பெரிய மனிதர்கள் முன்னால் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். பாட்டு வித்வானுக்கு மேடை, இவர்களுக்குத் தரை. ராஜரத்தினம் குடுமியை எடுத்து கிராப் வைத்தார். கோட்டு போட்டார். காதில் வைரக் கடுக்கன், போவதற்குக் கார். மேடை போட்டால்தான், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். இதைத் திமிர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாத்தியத்தின் சுருதியை இறக்கினார், வாசிப்பவனின் தலையை நிமிர்த்தினார்.

1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டெல்லிக்குச் செங்கோல் கொண்டுபோனபோது கூடப் போய் நாதஸ்வரம் வாசித்தவரும் இவர்தான். அந்தச் செங்கோல் 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தில் வைக்கப்பட்டது.

அவரிடம் குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டாம். கச்சேரிக்குத் தாமதமாக வருவார், கோபம் அதிகம். குடிப்பழக்கமும் இருந்தது. நிறையச் சம்பாதித்தார், கையில் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் மாரடைப்பால் காலமானார். வயது 58. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு வாசித்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதில் கேட்கும் அந்தக் கனமான நாதத்துக்கு வழி போட்டவர் ராஜரத்தினம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நண்பர்களே, இதைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் என் அப்பா. அவர் கடலூரில் தச்சு வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அவர் செய்த கதவும் ஜன்னலும் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. ராஜரத்தினம் பிள்ளையைத் தெரிந்த பலருக்கு ரங்கநாதன் ஆசாரியைத் தெரியாது. ஆனால் பட்டறையில் அந்தக் கை இல்லையென்றால் மேடையில் அந்தத் தோடி அப்படிப் பேசியிருக்காது. நாளைக்கு நம்மில் முக்கால்வாசிப் பேர் பட்டறைப் பக்கம்தான் நிற்கப் போகிறோம். அதனால் இது நம்ம கதையும்தான்.

போன வருஷம் பேஸ் கிடார் நின்றபோது, சாலிடரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஐந்து நிமிஷத்தில் சரி செய்தது நம்ம லேப் அண்ணன். பாட்டு முடிந்ததும் வாசித்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போட்டோம். அவர் திரைக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டு இருந்தார். இந்த வருஷ விழாவில் அவரையும் மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்று மாணவர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.