சிதம்பரனாரும் ஆலைத் தொழிலாளரும்

கப்பலோட்டிய தமிழர் என்னும் புகழ்ப்பெயர் வ. உ. சிதம்பரனாரின் வாழ்வில் ஒரு பாதியை மறைத்துவிட்டது என்பது நம் எண்ணம். கட்டணத்தைக் குறைத்தும் குடைகளை இலவசமாகக் கொடுத்தும் அவருடைய கப்பல்களை வெள்ளையர் கம்பெனியால் எதிர்க்க முடிந்தது. ஆலைக் கூலிகள் அவர் சொற்கேட்டு எழுந்தபோதோ, அரசாங்கத்தின் கைக்கு அகப்பட்டது இராஜத்துரோகச் சட்டம் ஒன்றே.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனார், தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். ஏழைகளுக்காக ஊதியம் பெறாமலும் வாதாடினார். போலீசார் தொடுத்த வழக்குகளை முறியடித்து அவர்களுடைய பகையைத் தேடிக்கொண்டார். அதன் விளைவாக 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர நேர்ந்தது.

அவரது முதல் மனைவியார் வள்ளியம்மையைப் பற்றி நம் பெண்மக்கள் அறிதல் வேண்டும். கண்பார்வையற்ற துறவியும் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவருமான இராமையா தேசிகரைச் சிதம்பரனார் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினார். உறவினர் முகம் சுளித்தனர். அம்மையாரோ தம் கையாலேயே அவருக்கு உணவு படைத்து வந்தார். தீண்டாமை எதிர்ப்பு மேடைப்பேச்சாக ஆகாத காலம் அது!

1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது. பங்கு ஒன்றின் விலை ரூபாய் 25. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலியோ சொற்பம், வார விடுமுறையும் இல்லை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினர். பட்டினி கிடந்த குடும்பங்களுக்குச் சிதம்பரனார் பொருள் திரட்டிக் கொடுத்தார். வேலைநிறுத்தத்தைப் பழித்த வழக்கறிஞர் ஒருவரை, நாவிதர் பாதிச் சவரத்தோடு விட்டுச் சென்றார் என்பர். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

அதே மார்ச் 12ஆம் நாள் தலைவர்கள் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நகரம் கொதித்தெழுந்தது. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளரோடு வண்டிக்காரரும் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளரும் வேலைக்குச் செல்லவில்லை. அத்துப்புரவுத் தொழிலாளர் எம்மக்கள் என்பதை நம் இளைஞருக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அக்கிளர்ச்சி ஆலையோடும் நகரத்தோடும் நின்றது. தாமிரபரணி வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட நம் முன்னோரை அது எட்டவில்லை.

ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசுக்கு எதிராகப் பேசியமைக்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றமைக்கு 20 ஆண்டு எனச் சிதம்பரனாருக்கு நாடுகடத்தல் தண்டனை! உயர்நீதிமன்றம் அதனை 6 ஆண்டாகக் குறைத்தது. அவர்மீது ஏவப்பட்ட 124-அ பிரிவை உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது 2022 மே மாதத்திலேதான்; இடையில் நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 75 ஆண்டுகள் ஓடிவிட்டன.

கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினர். பின்னர்க் கண்ணனூர்ச் சிறை. 1912 டிசம்பரில் வெளிவந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்த வறிய நாட்களிலும் அவர் தொழிற்சங்கப் பணியை விடவில்லை. வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி சன்னதை மீட்டுத் தந்தார்; அந்நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் எவரையும் பகைத்தாரல்லர்.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதுவித்த உயிலில், கடைக்காரர்களுக்குத் தாம் தர வேண்டியிருந்த சில்லறைக் கடன்களையும் விடாது குறித்து வைத்தார்.