நாவலர் பெருமானும் சார்பின் வண்ணமும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்த நூலோர் துணிபு. அடுத்த மலரின் நிறத்தைப் படிகம் காட்டுதல்போலச் சூழ்ந்தாருடைய குணமும் வழக்கமும் உயிரிலே பற்றும். அங்ஙனமாயின், பாதிரிமாரிடையே பல்லாண்டு பழகிய ஆறுமுக நாவலரவர்கள் சைவசீலராகவே நின்றது யாங்ஙனம் என எம்மை வினவுவாருளர்.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளையவர்கட்குப் புதல்வராய்த் தோன்றினார். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் பயின்றார். உவெசிலியன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்குங்காற் பெருந்துணை புரிந்தார். சொற்றோறும் ஆராய்ந்து பெயர்த்தவர்க்கு அந்நூலின் கருத்துப் புலப்படாதிருக்குமோ?

வண்ணம் பற்றவே செய்தது. ஞாயிறுதோறும் பாதிரிமார் பேசக் கண்டவர், 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கந் தொடங்கி, வெள்ளிதோறும் நடாத்தினார். அவர்தம் பள்ளியிற் பழகியவர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சின் வலியறிந்தமையால் 1849-இற் சென்னை சென்று அச்சியந்திரங் கொணர்ந்தார். அவ்யாத்திரையிலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டம் நல்கினர். சிறார்க்கு வினாவிடையாற் சமயம் புகட்டுதலும், வசனத்திற் குறியீடு இடுதலும் அச்சார்பின் பயனேயாம். 1854-இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில் விவிலியத்தைக் கொண்டே பாதிரிமார்க்கு விடையிறுத்தார். கருவியெல்லாம் அவ்விடத்தன, பொருள் மாத்திரம் நம்முடையது. நல்லூரிலே முன்னரே கொண்ட சார்பு வலியுடைத்தாகலின், பின்வந்த சார்பு தொழின்முறையளவில் நின்றது என்பது எம் விடை.

ஆயினும் ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையன்று. எதிரியின் துண்டுப்பிரசுரத்தைத் துண்டுப்பிரசுரத்தால் வெட்டும் வழக்கமும் அவரைப் பற்றியது. கண்டனம் நம்மவர்க்குப் புதிதன்று. அச்சேறிக் கடைவீதிக்கு வருங் கண்டனமே புதிது. புறத்தார்மேற் பழகிய அவ்வெம்மை அகத்தார்மேலும் பாய்ந்தது என்றே கருதுகின்றோம். இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் பற்றிய பூசல் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றதை இவ்விதழ் அன்பர் அறிவர். இருசாராரும் நமக்குரியோராதலின் அதனை நினைக்குந்தோறும் நெஞ்சு நோகின்றது.

அடிகளார் 1874-இலும், நாவலரவர்கள் 1879 டிசம்பர் 5-ஆம் நாளிலும் மறைந்தனர். அருட்பா, மருட்பா எனக் கண்டனங்கள் அதன்பின்னும் நெடுங்காலம் அச்சேறின. அவற்றை எழுதியோர் இருவர்தம் அன்பருமே.