குற்றாலத்தில் செடி தேடிய ராபர்ட் வைட்

உங்கள் வயலில் நிற்பது எந்த ரகம்? விதைப் பையில் அச்சிட்ட பெயரைப் பார்க்காமல், செடியைப் பார்த்தே சொல்லிவிடுவீர்களா? அப்படிச் சொல்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் ராபர்ட் வைட்.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1830-களில் படைப்பிரிவோடு பாளையங்கோட்டையில் இருந்தபோது, குற்றால மலையேறிச் செடிகளைச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் இலை, பூ, காய், விதை எனப் பிரித்துப் பிரித்து வரைந்து கொடுத்தார்கள். 1838 முதல் 1853 வரை வெளியான அவரது ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

1842-ல் கோவையில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகள் அவர் பொறுப்பில் வந்தன. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும், அப்பருத்தியை நம் மானாவாரி விவசாயிகளிடம் நிலைநிறுத்த முடியவில்லை. 1853-ல் ஊர் திரும்பிய வைட், 1872-ல் காலமானார்.

அவர் செடியைப் பார்த்த விதம் இன்றும் உங்களுக்கு உதவும். பூவடிச் செதிலைப் பாருங்கள். அமெரிக்கப் பருத்தியில் அது நீண்ட பற்களாக ஆழமாகப் பிளந்திருக்கும். கருங்கண்ணியில் பற்கள் குறைவு, சிறியவை. காயைக் குறுக்கே வெட்டினால், நாட்டுப் பருத்தியில் பெரும்பாலும் மூன்று நான்கு அறைகள். அமெரிக்கப் பருத்தியில் நான்கு ஐந்து.

வைட் காலத்தில் தெரியாத காரணம் செல்லுக்குள் இருக்கிறது. நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள், அமெரிக்கப் பருத்திக்கு 52. ஒரே இனத்துக்குள் இருக்கும் இரண்டு ரகங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தால், டி.என்.ஏ. அடையாளக் குறியீடுகளைக் கொண்டு ஆய்வகத்தில் பிரித்தறிகிறார்கள்.

இது ஆய்வாளர்களுக்கு மட்டுமான வேலை இல்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, நீங்கள் வழிவழியாகக் காத்துவரும் ரகத்தை உங்கள் பெயரில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். ஆனால் அது மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, தலைமுறை மாறினாலும் குணம் மாறாதது என்று காட்ட வேண்டும். விதையில் கலப்பு இருந்தால் அந்த உரிமை கைநழுவும்.

எனவே பூக்கும் பருவத்தில் ஒருநாள் ஒதுக்கி வயலைச் சுற்றி வாருங்கள். இலை, பூ நிறம், காய் வடிவம், பூத்த நாள் ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். மாறி நிற்கும் கலவன் செடிகளை அப்போதே பிடுங்கிவிடுங்கள். பதிவு பற்றி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.