கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (1911 - 1977) சென்னையில் வாழ்ந்த நவீன ஓவியரும் ஓவிய ஆசிரியரும் ஆவார். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தவர். துணியில் செய்த பத்திக் வேலையின் வருவாயால் ஓவியர்கள் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொள்ள இவர் வழிகாட்டினார்.

இளமை

தாராபுரம், பல்லடம் வட்டங்களையும் உள்ளடக்கியிருந்த அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் தலைநகரான கோயம்புத்தூரில் பிறந்தார். பள்ளிக் காலம் மலபாரில் கழிந்தது. அங்குள்ள வயல்களும் தென்னந்தோப்புகளும் நீர்நிலைகளும் சிறுவனின் கண்ணை வண்ணங்களின்பால் ஈர்த்தன. பதின்ம வயதிலேயே இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிச் சென்னைக் கண்காட்சியில் வைத்தார்.

தந்தையின் மறைவு இதனைத் தடுத்தது. குடும்பத்தைக் காக்கப் படிப்பை நிறுத்தித் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1936 இல், 25 ஆம் வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவரானார். அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தார். பயிற்சி முடிந்தபின் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957 முதல் 1967 வரை அந்நிறுவனத்தின் முதல்வராகப் பணியாற்றினார்.

பத்திக்கும் சோழமண்டலமும்

பயின்று வெளியேறிய மாணவர்களுக்கு ஓவியத்தால் பிழைக்க வழியில்லை. அக்காலத்தில் சென்னையில் நவீன ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. அலுவலக வேலைக்குப் போனால் தூரிகை கைவிட்டுப் போகும் என்பதைப் பணிக்கர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். கைத்தொழிலால் உணவும் எஞ்சிய நேரத்தில் ஓவியமும் என்பது அவர் கண்ட வழி.

அத்தொழில்களுள் பத்திக் முதன்மையானது. உருக்கிய மெழுகைத் துணியில் கோலமாக இட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் படிப்படியாகத் தோய்த்து, இறுதியில் மெழுகை நீக்குவர். மெழுகின் வெடிப்புகளில் கசிந்த சாயம் மெல்லிய நரம்புகளைப் போல் நிற்கும். சாயத்தின் போக்கு முழுவதும் கைவசப்படாது. எனவே ஓவியரின் கண் இதற்கு ஏற்றதாயிற்று எனலாம்.

ஓவியர்கள் சங்கமாகக் கூடிச் செய்த பத்திக் துணிகள் நன்கு விற்றன. அப்பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். அரசு மானியத்தை எதிர்பாராமல் 1966 இல் சோழமண்டலம் அங்கு உருவானது. தொடக்கத்தில் குடிசைகளே இருந்தன.

சொற்களும் குறியீடுகளும்

பணிக்கரின் தொடக்க கால ஓவியங்களில் வான்கோ போன்ற ஐரோப்பிய ஓவியர்களின் தாக்கம் உண்டு. 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை வேறு வகையைச் சேர்ந்தது. சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள் ஆகியவை வண்ணப் பரப்பில் நிறைந்திருக்கும். அவ்வரிகளைப் படித்துப் பொருள் காண முயல்வது வீண். அவை பார்ப்பதற்கே உரியவை.

1977 இல் சென்னையில் காலமானார். அவருடைய மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பியாகச் சோழமண்டலத்திலேயே வாழ்ந்து 2017 இல் மறைந்தார். பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக்கூடம் ஒன்று உள்ளது.